மீன் பூதத்துக்கு முகம் கொடுத்த பெண்



காசிமேடு பகுதிக் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது சில மாதங்களாகவே ஒரு கேள்வி வந்துகொண்டிருக்கிறது. "டி.வி.யில பேய்ப் படம் பாத்துட்டுப் பிள்ளைங்க ராத்திரி தூங்க மாட்டேங்குதுங்க. அந்த மூஞ்சியெல்லாம் எப்படிங்க பண்றாங்க?" என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். அழகுக்கலைப் பயிற்சி முடித்த இளம் உறுப்பினர்களோ, "அந்த மாதிரி மேக்கப் வேலை பொம்பளைங்களுக்குத் தருவாங்களா?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறோம். இந்தத் தொழிலின் கதையில் நம் எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு பாடமும் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த பயங்கர முகங்கள்

பயமுறுத்தும் முகம் செய்வது நமக்குப் புதிதில்லை. மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி வரும் அமாவாசையில் அங்காளம்மன் கோவில்களில் மயானக் கொள்ளை நடக்கிறது. முகம் முழுக்க வண்ணம் பூசி, நாக்கை நீட்டி ஆடி வருகிற அம்மன் வேடத்தை வடசென்னையில் இருக்கிற நாம் எல்லோருமே பார்த்திருப்போம்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு ஆயிரக்கணக்கான பேர் வேடம் கட்டுகிறார்கள். அதில் காளி வேடம்தான் பெரிய வேடம். சடைமுடி, கிரீடம், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல் என்று ஒவ்வொன்றையும் தனியாகச் செய்து மாட்ட வேண்டும். தஞ்சாவூர் மாவட்டம் மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளாவில் நரசிம்மர் முகமூடி இருக்கிறது. அதைச் சாதாரணப் பொருளாக நினைப்பதில்லை, பூஜை செய்து வைத்திருக்கிறார்கள். அந்த நாடகத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவது மரபு.

சினிமாவில் வருவது இதன் அடுத்த படி. 1996-ல் வந்த 'இந்தியன்' படத்தில் கமல்ஹாசன் தாத்தாவாக வந்தார். அதே ஆண்டு 'அவ்வை சண்முகி'யில் மாமியாக வந்தார். 2008-ல் 'தசாவதாரம்' படத்தில் பத்து வேடம். இந்த மூன்று படங்களிலும் அந்த முகங்களை உருவாக்கியவர் மைக்கேல் வெஸ்ட்மோர் என்ற அமெரிக்க ஒப்பனைக் கலைஞர். 2015-ல் வந்த 'ஐ' படத்தில் விக்ரமின் முகமும் உடம்பும் வீங்கி உருக்குலைந்து போனதைப் பார்த்திருப்பீர்கள். அது நியூசிலாந்து நாட்டின் வீட்டா ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் வேலை. அதைச் செய்தவர்களில் டாவினா லாமண்ட் என்ற பெண்ணும் ஒருவர்.

வெஸ்ட்மோர் என்ற பெயரை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வருவோம்.

முகத்தை எப்படிச் செய்கிறார்கள்?

கொழுக்கட்டை அச்சு, ஃபைபர் படகு செய்யும் அச்சு இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படித்தால் எளிதாகப் புரியும்.

1. அளவு எடுப்பது: நடிகரின் தலைமுடியை மூடி, புருவத்தில் வாசலின் தடவி, முகம் முழுக்க மாவு போன்ற ஒரு பொருளைப் பூசுகிறார்கள். மூச்சு விட மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். சில நிமிடங்களில் அது ரப்பர் மாதிரி இறுகிவிடும். பல் செட் கட்டும்போது அளவு எடுக்க வாயில் வைப்பார்களே, அதே வகைப் பொருள்தான். பெயர் ஆல்ஜினேட். இறுகியதும் அதன் மேல் மாவுக்கட்டுத் துணியை ஒட்டி, காய்ந்த பிறகு மெதுவாகக் கழற்றுவார்கள்.

2. முகத்தின் நகல்: கழற்றிய அச்சுக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் நடிகரின் முகம் அப்படியே சிலையாக வந்துவிடும்.

3. களிமண் வேலை: இந்தச் சிலையின் மேல் களிமண்ணை வைத்துத்தான் பூதத்தையோ கிழவியையோ செதுக்குகிறார்கள். சுருக்கம், மரு, தோலின் சின்னச் சின்னத் துளை எல்லாம் இங்கேதான் வருகிறது. சிற்பியின் வேலை இது. பொறுமை வேண்டும், மனிதர்களின் முகத்தை உற்றுப் பார்த்த பழக்கம் வேண்டும்.

4. இரண்டாவது அச்சு: களிமண் முகத்தின் மேல் இன்னொரு அச்சு எடுப்பார்கள். பிறகு களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டையும் மூடினால் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். களிமண் இருந்த இடம் அது.

5. வார்ப்பது: அந்த இடைவெளியில் சிலிக்கான், ஜெலட்டின் அல்லது ரப்பர் பால் நுரையை நிரப்புவார்கள். ரப்பர் பாலை முட்டை அடிப்பது போல அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேக வைப்பார்கள். வெந்த பிறகு தோல் போல மெத்தென்று வரும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் மரத்தைக் கீறி எடுக்கிறார்களே, அந்தப் பால்தான் இதற்கும் மூலம்.

6. ஒட்டுவது: நெற்றிக்கு, மூக்குக்கு, கன்னத்துக்கு என்று துண்டு துண்டாக ஒட்டி, ஓரம் தெரியாமல் மறைத்து, வண்ணம் தீட்டுவார்கள். புருவ முடியை ஒவ்வொன்றாகக் குத்தி வைப்பார்கள். இதற்குப் பல மணி நேரம் ஆகும். படப்பிடிப்பு முடிந்ததும் மருந்து தடவி மெதுவாகக் கழற்ற வேண்டும். நுரை ரப்பரில் செய்தது பெரும்பாலும் ஒருமுறைதான் பயன்படும். மறுநாளுக்குப் புதிதாக இன்னொன்று வார்க்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அந்தப் பேய்க்குள்ளே ஒரு மனுஷன் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறார். அந்த மூஞ்சியைச் செய்ய வாரக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

ஆல்ஜினேட் எங்கிருந்து வருகிறது?

இது நம் கடலோரப் பெண்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஆல்ஜினேட் எடுப்பது கடற்பாசியிலிருந்து. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கட்டக்கோரை என்று சொல்லும் பாசி இந்த வகை. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்கும், உப்புத் தண்ணீர் புண்ணை ஆறவிடாது. அப்படிப் பாசி எடுக்கும் பெண்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. அளவோடு பாசி எடுத்துக் கடலையும் காப்பது, அதை எடுக்கும் பெண்களின் உரிமையையும் கேட்பது என்று இரண்டையும் சேர்த்துச் செய்ததற்கு வந்த விருது அது.

சினிமாவின் முதல் அச்சுக்கும், ஆஸ்பத்திரியில் பல் அளவு எடுப்பதற்கும் மூலப்பொருள் இப்படிப்பட்ட பாசிதான். ஆனால் இதைச் சேகரித்த பெண்ணின் பெயர் எந்தப் பொட்டலத்திலும் இருப்பதில்லை.

மீன் பூதத்தை வரைந்தவர்

1954-ல் அமெரிக்காவில் 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' என்று ஒரு படம் வந்தது. அமேசான் ஆற்றுப் பக்கம் ஒரு காயலில் வாழும், பாதி மனிதன் பாதி மீனாக இருக்கும் பூதத்தின் கதை. கழுத்துப் பக்கம் செவுள், உடம்பெல்லாம் செதில், தடித்த மீன் உதடு. நம்மைப் போல மீனைத் தினமும் கையில் எடுப்பவர்கள் பார்த்தால், "செவுளைச் சரியா வெச்சிருக்காங்களே" என்போம். நுரை ரப்பரில் உடை செய்தார்கள். தரைக்காட்சிக்கு ஒரு நடிகர், தண்ணீருக்குள் நீந்த இன்னொருவர். நீந்தியவர் மூச்சை அடக்கிக்கொண்டு நடித்து, இடையிடையே கேமராவுக்குத் தெரியாமல் குழாயில் காற்று வாங்கிக்கொண்டார்.

இந்தப் பூதத்தின் உருவத்தை வரைந்து வடிவமைத்தவர் மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண். 1915-ல் பிறந்தவர். டிஸ்னி கார்ட்டூன் நிறுவனத்தில் வண்ணம் தீட்டும் பிரிவில் வேலை பார்த்து, பிறகு யுனிவர்சல் ஸ்டுடியோவின் ஒப்பனைப் பிரிவுக்கு வந்தவர். அவர் வரைந்ததை வைத்து மற்றக் கலைஞர்கள் களிமண்ணில் செதுக்கினார்கள், ரப்பரில் வார்த்தார்கள்.

படம் வெளியாகும் நேரத்தில் ஸ்டுடியோ அவரை ஊர் ஊராக விளம்பரத்துக்கு அனுப்பியது. "பூதத்தை உருவாக்கிய அழகி" என்று போட நினைத்தார்கள். அந்தப் பிரிவின் தலைவராக இருந்த பட் வெஸ்ட்மோருக்கு இது பிடிக்கவில்லை. பூதம் தன் படைப்பு என்று அவர் நினைத்தார். விளம்பரம் "பூதங்களோடு வாழும் அழகி" என்று மாறியது. 'உருவாக்கிய' என்ற ஒரு வார்த்தை போனது, அந்தப் பெண்ணின் உழைப்பே போனது. பேட்டிகளில் பட் வெஸ்ட்மோருக்கே பெருமையைக் கொடுத்துப் பேசினார். சுற்றுப்பயணம் முடிந்து திரும்பியபோது அந்த வேலையும் அவருக்கு இல்லை. படத்தின் டைட்டிலில் ஒப்பனைக்கு பட் வெஸ்ட்மோர் பெயர் வந்தது. மிலிசென்ட் பேட்ரிக் பெயர் வரவில்லை.

அவர் 1998-ல் காலமானார். 2019-ல் மல்லோரி ஒமாரா என்ற பெண் எழுத்தாளர் பழைய ஆவணங்களைத் தேடி அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிறகுதான் உலகத்தில் பல பேருக்கு அவரைப் பற்றி முழுதாகத் தெரிந்தது. அறுபத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

முன்னே சொன்ன மைக்கேல் வெஸ்ட்மோர் இந்த பட் வெஸ்ட்மோரின் அண்ணன் மகன். சித்தப்பாவிடம் தொழில் பழகியவர். மிலிசென்ட் விஷயத்தில் அவருக்குப் பங்கில்லை, சிறந்த கலைஞர்தான். ஆனால் கொஞ்சம் யோசிப்போம். வெஸ்ட்மோர் குடும்பத்தில் தாத்தா, மகன்கள், பேரன் என்று ஆண்களுக்குத் தொழிலும் வந்தது, பெயரும் வந்தது. அந்தப் பெயர் நம்ம கோடம்பாக்கம் வரைக்கும் வந்து சேர்ந்தது. அதே கூடத்தில் உட்கார்ந்து வரைந்த பெண்ணுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

எல்லாம் இப்படியே இருந்துவிடவில்லை. 'அவ்வை சண்முகி' கதைக்கு முன்மாதிரியாக இருந்தது 1993-ல் வந்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' என்ற அமெரிக்கப் படம். ஒரு ஆணை வயதான பெண்ணாக மாற்றிய அந்த ஒப்பனைக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. வாங்கிய மூவரில் வீ நீல், யோலண்டா டூசியங் இருவரும் பெண்கள்.

நம் நாட்டில் என்ன நிலைமை?

மும்பை சினிமாவில் ஒப்பனைக் கலைஞர்களுக்கும் சிகை அலங்காரம் செய்பவர்களுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. அட்டை இல்லாமல் வேலை கிடைப்பது கஷ்டம். அந்தச் சங்கத்தின் விதிப்படி ஆண்களுக்கு மட்டும்தான் ஒப்பனைக் கலைஞர் அட்டை. பெண்கள் தலைமுடி அலங்காரம் மட்டும் செய்யலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் நடந்தது.

சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் அமெரிக்காவில் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்தவர். அவருக்கு அட்டை தர மறுத்தார்கள். அவரும் வேறு சில பெண்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 10.11.2014 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு. லலித் ஆகியோர் தீர்ப்புச் சொன்னார்கள். பெண் என்பதற்காக ஒரு தொழிலில் உறுப்பினர் உரிமையை மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம், அந்த விதி செல்லாது, மனு கொடுத்தவர்களை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்பது தீர்ப்பு.

இது சினிமாக்காரர்களின் தீர்ப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். எந்தத் தொழிற்சங்கமும் "நீ பொம்பள, உனக்கு இந்த வேலைக்கு அட்டை கிடையாது" என்று சொன்னால், இந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்கலாம்.

முகத்தைத் திருப்பிக் கொடுக்கும் கை

இதே கலைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. முதல் உலகப் போரில் குண்டடி பட்டு மூக்கும் தாடையும் போன வீரர்கள் வெளியே தலைகாட்ட முடியாமல் தவித்தார்கள். அன்னா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி பாரிஸ் நகரத்தில் செஞ்சிலுவைச் சங்க உதவியுடன் ஒரு கூடம் வைத்தார். வீரரின் முகத்தில் அச்சு எடுத்து, பழைய புகைப்படத்தைப் பார்த்துக் களிமண்ணில் திருத்தி, மெல்லிய செம்பில் முகமூடி செய்து, அவரவர் தோல் நிறத்துக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தார். பூதத்துக்குச் செய்வதும் அதே படிகள்தான்.

இப்போது இது மருத்துவத்தின் ஒரு பகுதி ஆகிவிட்டது. தீக்காயம், விபத்து, புற்றுநோய் அறுவை சிகிச்சை ஆகியவற்றால் காது, மூக்கு, கண் போனவர்களுக்கு சிலிக்கானில் செயற்கை உறுப்பு செய்கிறார்கள். பல் மருத்துவத்தில் செயற்கைப் பல் கட்டும் பிரிவினர்தான் இதையும் படிக்கிறார்கள். காசிமேட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை, சென்னைக் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே செயற்கைப் பல் பிரிவில் போய்க் கேட்கலாம். தீக்காயச் சிகிச்சைக்கு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தனிப் பிரிவு உண்டு.

தீக்காயத்துக்குப் பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கூட்டத்துக்கும் வராமல் வீட்டோடு இருக்கிற சகோதரிகள் சில குழுக்களில் இருக்கிறார்கள். "போனது போச்சு, இனி என்ன" என்று விட்டுவிட வேண்டாம். ஊக்குநரும் பிரதிநிதியும் ஒரு நாள் கூடப் போய் வாருங்கள். தனியாகப் போக அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கு

- சாதாரண அழகுக்கலைப் பயிற்சியும் இதுவும் ஒன்றில்லை. களிமண் வேலை, அச்சு எடுப்பது, வண்ணம் மூன்றும் தெரிய வேண்டும். முதலில் களிமண்ணில் ஒரு காது, ஒரு மூக்கு செய்து பழகுங்கள். செலவு குறைவு.
- "சினிமாவுல சேத்துவிடுறேன், முன்பணம் குடு" என்பவரை நம்பிக் குழுவில் உள்கடன் வாங்க வேண்டாம். பயிற்சி நடக்கும் இடத்தை நேரில் பாருங்கள், ஏற்கெனவே படித்தவர்களிடம் விசாரியுங்கள். போகும்போது இரண்டு மூன்று பேராகப் போங்கள்.
- கோவில் திருவிழா வேடம், பள்ளி ஆண்டு விழா, நாடகக் குழு ஆகிய இடங்களிலும் வேலை இருக்கிறது. சினிமா ஒன்றுதான் வழி என்று இல்லை.
- முகத்தில் ரப்பர் பால், பசை எதுவும் தடவும் முன் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிலருக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளாது. மரத்துக்கு ஒட்டும் பசை, படகுக்குப் பூசும் ஃபைபர் ரெசின் இவற்றைத் தோலில் வைக்கவே கூடாது. மூக்கை அடைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் முகத்தில் அச்சு எடுக்க வேண்டாம்.
- செய்த ஒவ்வொரு வேலையையும் போட்டோ எடுத்து, தேதி போட்டு, உங்கள் பெயரை எழுதி வையுங்கள். நோட்டீசில் பெயர் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

நமக்கு என்ன பாடம்?

மிலிசென்ட் பேட்ரிக்குக்குத் திறமை குறைவில்லை. சம்பளமும் வாங்கினார். பெயர்தான் பதிவாகவில்லை. பெயர் இல்லாததால் அடுத்த வேலைக்குக் காட்ட ஒரு ஆதாரமும் இல்லாமல் போனது.

களத்தில் நாங்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம் இது. துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் எடுப்பது, ஐஸ் போட்டு வைப்பது, கருவாடு காயவைப்பது, இறால் உரிப்பது எல்லாம் பெண்கள். "உங்க வீட்டுல என்ன தொழில்?" என்று கணக்கெடுக்க வருபவர் கேட்டால், "அவரு கடலுக்குப் போறாரு, நான் வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். நம் பெயரை அடிக்க வேறு யாரும் வர வேண்டியதில்லை.

சில விஷயங்களில் இது நேராகப் பணத்தைத் தொடுகிறது. மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சேர முடியும். சங்கப் புத்தகத்தில் பெயர் இல்லாதவருக்கு எத்தனை வருஷம் மீன் விற்றிருந்தாலும் அந்தப் பணம் வராது. அதே போல, குழுக் கடன் பெண்ணின் பெயரில் இருக்கும், தவணையும் அவரே கட்டுவார். ஆனால் அந்தக் கடனில் வாங்கிய வண்டியோ வலையோ வேறு ஒருவர் பெயரில் ரசீதாகி இருக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இவற்றைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்:

1. நம் குழுவில் மீன் தொழில் செய்பவர்கள் எத்தனை பேர்? அதில் மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் உள்ளவர்கள் எத்தனை பேர்? விடுபட்டவர்களை யார் அழைத்துப் போவது, எந்தத் தேதியில்?
2. குழுக் கடனில் வாங்கிய பொருள்களின் ரசீது யார் பெயரில் இருக்கிறது?
3. அரசுக் கணக்கெடுப்பில், பிள்ளைகளின் பள்ளிப் படிவத்தில் "அம்மாவின் தொழில்" என்ற இடத்தில் என்ன எழுதுகிறோம்?
4. தீக்காயத்தாலோ நோயாலோ கூட்டத்துக்கு வராமல் இருக்கும் உறுப்பினர் யாராவது உண்டா? அவரை யார் போய்ப் பார்ப்பது?

மூன்றாவது கேள்விக்கு இனிமேல் "வீட்டு வேலை" என்று எழுத வேண்டாம். மீன் விற்பவர் "மீன் வியாபாரம்" என்று எழுதுங்கள், கருவாடு போடுபவர் "கருவாடு தயாரிப்பு" என்று எழுதுங்கள். கீழே உங்கள் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.